பத்தங்குல அக்கா

என் அண்ணிக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டாள், ஜன்னலைத்தான் பார்ப்பாள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்த பெண்ணின் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே, "அறுபதுக்கு எழுபத்திரண்டு இருக்கும்ல?" என்று என் காதில் கேட்டிருக்கிறாள். வெடுக்கென்று கிள்ளினேன். "ஏன் வக்கீலம்மா, அளவு தப்பா?" என்றாள்.

வக்கீலம்மா என்பது நான்தான். சட்டம் படித்தவள் இல்லை, பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்கிறேன் என்று அண்ணி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே வைத்த பேர். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னபோது உறவுக்கூட்டமே திரண்டு வந்து புத்தி சொன்னது. அண்ணி மட்டும், "வக்கீலம்மாவுக்கு எதிரா கேஸ் நடத்தி யாராவது ஜெயிச்சிருக்கீங்களா? டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க" என்றாள். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் தொழில் ஜன்னல் திரை தைப்பது. எங்கள் வீட்டுக் கூடம்தான் பட்டறை. சின்னத் திரைகளைச் சாப்பாட்டு மேசையில் வெட்டுவாள், நீளமானவற்றைத் தரையில் விரித்து முட்டி போட்டு வெட்டுவாள். வாரத்துக்கு இரண்டு முறை நகரத்திலிருந்து பஸ்ஸில் பார்சல் வரும். அதில் துணியும் அளவுச் சீட்டுகளும் இருக்கும். வெறும் நீள அகலம் மட்டும் அந்தச் சீட்டில் இருக்காது. எந்தத் தெரு, எத்தனாவது மாடி, ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது, வெயில் எப்போது அடிக்கிறது என்பதெல்லாம் இருக்கும். வெயிலைப் பொறுத்துத்தான் உள்துணி வைப்பார்கள்.

இப்படியே அண்ணி நகரம் முழுவதையும் கூடத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிட்டாள். எங்கள் வீட்டில் அந்த ஊருக்கு 'அங்க' என்று பேர். சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனால், "அங்க இந்நேரம் மணிக்கூண்டுத் தெரு இடது கை ஜன்னல்லாம் சிவந்து போயிருக்கும்" என்பாள். அங்கே ஒருதடவைகூடப் போனதில்லை.

போயிருக்க வேண்டியவள்தான். இருபத்துமூன்று வயதில், தையல் பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது, தேர்வு பார்க்க வந்தவர் நகரத்தின் பெரிய திரைக்கடை முதலாளி. இவள் மடிப்பு வைத்த அழகைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் முதல் தேதி வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். அதே மாதம் எங்கள் அண்ணனோடு கல்யாணம். கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டு வாசற்படி மிதித்தாள். அண்ணன் பஸ் டிரைவர். நல்லவன், பொய் சொல்லத் தெரியாதவன். "ஒரு வருஷம் பொறு, அங்க மாத்தல் வாங்கிடறேன், ரெண்டு பேருமே போயிடலாம்" என்றான். சொன்னபோது மனதாரத்தான் சொன்னான். முதலாளியும் பெருந்தன்மையாக, "கை வரலன்னா பரவாயில்ல, துணி உங்க வீட்டுக்கு வரட்டும்" என்று பார்சல் அனுப்ப ஆரம்பித்தார். எட்டாவது மாதம் எங்கள் அப்பா குளியலறையில் விழுந்தார். அதன்பிறகு ஏழு வருஷம் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. அதற்குள் பையன் பிறந்தான், பள்ளிக்கூடம், பரீட்சை என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. 'அடுத்த வருஷம்' என்பது எங்கள் வீட்டில் ஒரு சாமான் மாதிரி, எடுத்துத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைப்போம்.

இப்போது பையன் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். அண்ணிக்கு நாற்பத்தொன்பது வயது. போன மாதம் கடையிலிருந்து ஒரு போன் வந்தது. பெரிய முதலாளி காலமாகி நாலு வருஷமாகிறது. கடையை நடத்துவது அவர் மகள். எல்லாரும் சின்ன முதலாளி என்பார்கள். கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டுப் போகப் போகிறாராம். "நீங்க வந்து தலைமை ஏத்துக்கறீங்களா? மேல ஒரு ரூம் இருக்கு, தங்கிக்கலாம். ஒருநாள் வந்து பாருங்க. பாத்துட்டு அன்னைக்கே சொல்லிடுங்க. இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்கார்."

அண்ணி போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன்தான், "போய்ப் பாரு. பிடிச்சிருந்தா ஒத்துக்க. எனக்கு ரிடையராக மூணு வருஷம், அப்புறம் நானும் வந்துடறேன். அதுவரைக்கும் லீவு நாள்ல நான் வரேன்" என்றான். அவனுக்கு அன்று டூட்டி என்பதால் துணைக்கு என்னை அனுப்பினான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் துணைக்குப் போகவில்லை, கெடுக்கப் போனேன். அண்ணி இல்லாத அந்தக் கூடத்தில் அண்ணனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவள் வேலையை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், ஆனால் நான் சொல்லி அல்ல, அந்த ஊரே சொல்லி வைக்க வேண்டும் என்பது என் திட்டம். பெரிய நகரம்தானே, மனிதர்கள் சிடுசிடுவென்று இருப்பார்கள், தெருவெல்லாம் நாறும், மத்தியானத்துக்குள் இவளே வீட்டுக்குப் போகலாம் என்பாள் என்று கணக்குப் போட்டேன். விடிகாலை பஸ் ஏறியதிலிருந்து நான் வேண்டாத தெய்வமில்லை.

ஒன்றும் காது கொடுக்கவில்லை. வழியில் பஸ் நின்றுபோகும் என்று பார்த்தேன், இருபது நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. மழை கொட்டும் என்று பார்த்தேன், வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. பஸ் நிலையத்தில் இருந்த முகங்களிலேயே கடுகடுப்பான முகமாகத் தேடி, ஒரு பத்திரிகைக் கடைக்காரரிடம் வழி கேட்டேன். அந்த மனுஷன் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, பாலம் வரைக்கும் கூடவே நடந்து வந்து கைகாட்டினார். "பாத்துப் போங்க, அந்தப் பக்கம் நிழல் இருக்கும்" என்று வேறு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாலத்தைத் தாண்டியதும் அண்ணி தலையை நிமிர்த்தியவள்தான், கடை வரும்வரை கீழே இறக்கவில்லை. அகலமான தெரு, இரண்டு பக்கமும் நாலு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள். அவள் மேலே பார்த்து நடக்க, நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து நடந்தேன். இல்லையென்றால் முதல் தபால் பெட்டியிலேயே மோதியிருப்பாள்.

"வக்கீலம்மா, அதோ மணிக்கூண்டு. அப்ப இதான் மணிக்கூண்டுத் தெரு. இடது பக்கம் மூணாவது கட்டடம், ரெண்டாவது மாடி. பல் டாக்டர். வெளிர் நீலம், மூணு மடிப்பு." எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது கட்டடம், இரண்டாவது மாடி, வெளிர் நீலத் திரை. கீழே பல் டாக்டர் என்று பலகை.

"மூலைக் கட்டடம், நாலாவது மாடி. ஒரு பாட்டு டீச்சர். சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு கனத்த துணி கேட்டாங்க." நாலாவது மாடியில் கனத்த பழுப்புத் திரை தொங்கியது. சத்தம் மட்டும் நன்றாகவே வெளியே வந்தது, யாரோ ஒரு பிள்ளை அபஸ்வரமாகப் பாடிக்கொண்டிருந்தது. அண்ணி தெருவிலேயே கை தட்டினாள். ஜன்னலில் ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, ஏன் என்று தெரியாமலே கையாட்டினாள். அண்ணியும் ஆட்டினாள்.

"எப்படி இருக்கும்னு நினைச்சீங்களோ அப்படியா இருக்கு?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்ற நப்பாசை எனக்கு.

"அதவிட நல்லா இருக்கு" என்றாள் அண்ணி. கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "நான் சரியாத்தான் ஆசைப்பட்டிருக்கேன்." இவ்வளவு சந்தோஷத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது? எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று கோபமும் வந்தது.

கடை மூன்று மாடி. கீழே விற்பனை, முதல் மாடி வெட்டும் கூடம், அதற்கு மேல் தங்கும் அறை. வாசலில் ஒரு ஏணியைச் சாய்த்துவிட்டு ஒருவர் பீங்கான் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போய்த் திரை மாட்டுகிறவர், ஏணிக்காரர். அண்ணி தன் ஊரையும் தொழிலையும் சொன்னாளோ இல்லையோ, கோப்பையை ஏணிப்படியில் வைத்துவிட்டுத் துள்ளினார். "அட, பத்தங்குல அக்காவா! நீங்கதானா அது! உள்ள வாங்க, உள்ள வாங்க!"

"பத்தங்குல அக்காவா?" என்றாள் அண்ணி.

"உங்களுக்குக் கடையில அதான் பேரு. இருபத்தஞ்சு வருஷமா."

உள்ளேயிருந்து வந்த சின்ன முதலாளி அவரை ஒரு முறை முறைத்தாள். அவருக்கு அது உறைக்கவில்லை. "நேர்லயே காட்டறேன். ரெண்டு தெரு தள்ளி நூலகத்துல இருக்கு" என்றார்.

முதலில் வெட்டும் கூடத்துக்குப் போனோம். வடக்கு பார்த்த ஐந்து ஜன்னல், வெளிச்சம் பால் மாதிரி சமமாக இறங்கியது. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரே மேசை, ஒரு பஸ் நீளம் இருக்கும். அதன் விளிம்பு முழுக்க அளவு பொறித்த பித்தளைப் பட்டை. அண்ணி அந்த மேசையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நின்றாள். "முட்டி போட வேணாம்ல" என்று யாரிடமோ கேட்டாள். சின்ன முதலாளி, "வேணாங்க" என்றாள். அண்ணி முட்டிக்கு வருஷத்தில் ஆறு மாதம் தைலம் தேய்ப்பவள் நான். தைலம் வேண்டாத ஒரு அண்ணியை அந்த நிமிஷம் கண்ணால் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. என் திட்டத்தில் முதல் ஓட்டை அங்கேதான் விழுந்தது.

"சுத்திப் பாத்துட்டு, சாப்பிட்டு, நாலு மணிக்குள்ள சொல்லுங்க. இன்னொருத்தருக்கும் நான் போன் பண்ணணும்" என்றாள் சின்ன முதலாளி.

நூலகத்தின் வாசிப்புக் கூடம் உயரமான பெரிய அறை. பதினாலு ஜன்னல், பதினாலு சாம்பல் நிறத் திரை. ஒவ்வொன்றின் கீழும் அடர் சிவப்பில் அகலமாக ஒரு பட்டை. அந்தப் பட்டையை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. பல வருஷமாக நகரத்துச் சீட்டுகளில் 'கீழே பத்து அங்குலம் பட்டை' என்று வந்துகொண்டே இருந்ததால், 'அங்க இப்ப இதான் அழகு' என்று அண்ணி எங்கள் வீட்டுக்கும் வைத்தாள். "துணி பத்தாம ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு" என்றேன் நான். "உனக்கு ரசனை கிடையாது, இது நகரத்து ரசனை" என்றாள். எங்கள் தெரு முழுக்க அவளைப் பார்த்துப் பட்டை வைத்துக்கொண்டது.

ஏணிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார். "இந்த ஹாலுக்கு முதல்ல நீங்க தைச்சு அனுப்பினதும் பதினாலுதான். நான்தான் மாட்டினேன். அப்ப புதுசு நான். மாட்டிட்டு ஏணியிலேருந்து இறங்கிப் பாத்தா, ஒண்ணுகூட ஜன்னலுக்குக் கீழ வரைக்கும் எட்டல. பத்து அங்குலம் குறையுது. பதினாலும் அச்சு பிசகாம பத்தே அங்குலம்! மறுநாள் திறப்பு விழா. பெரிய முதலாளி தலையில கைய வெச்சுட்டு உக்காந்துட்டார். அப்புறம் எழுந்து, கடையில கிடந்த சிவப்புத் துணியில பத்து அங்குலம் பட்டை வெட்டி, விடிய விடிய எல்லாரும் உக்காந்து கீழ ஒட்டுப் போட்டோம். விழாவுக்கு வந்தவங்க அசந்துட்டாங்க. 'இது என்ன மாடல்?'னு கேட்டாங்க. மனுஷன் கண்ணச் சிமிட்டாம, 'புது மாடல்'னு சொல்லிட்டார். அந்த வாரமே பதினெட்டு வீட்டுலேருந்து பட்டை கேட்டு வந்தாங்க. இன்னைக்கு வரைக்கும் நிக்கல. உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

ஏன் பத்து என்று எனக்கும் புரிந்துவிட்டது, அவளுக்கும் புரிந்துவிட்டது. தையற்காரர்களின் டேப்பில் முனையிலிருக்கும் தகடு கழன்றுவிட்டால் முதல் இரண்டு அங்குலம் நைந்துபோகும். அந்த முனையை நம்பி அளக்க முடியாது. அதனால் பத்தாவது அங்குலத்தில் வைத்து அளக்கத் தொடங்கி, முடிவில் பத்தைக் கூட்டிக்கொள்வார்கள். எண்பத்து நாலு வேண்டுமென்றால் தொண்ணூற்று நாலில் கோடு போட வேண்டும். அண்ணி எண்பத்து நாலிலேயே போட்டிருக்கிறாள். முதல் துணியை மேலே வைத்துத்தான் மற்றவற்றை வெட்டுவது வழக்கம். ஒன்று குறைந்தால் பதினாலும் குறையும்.

"பதினாலுமா?" என்றாள் அண்ணி.

"பதினாலும்" என்றார் ஏணிக்காரர் பெருமையாக.

அவள் விறுவிறுவென்று வெளியே நடந்தாள். இந்தத் தடவை தலை குனிந்திருந்தது. ஒரு ஜன்னலையும் பார்க்கவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள். கடைக்குத் திரும்பி நேரே வெட்டும் கூடத்துக்குப் போய், சின்ன முதலாளியிடம் சொன்னாள்: "என்னை மன்னிச்சுக்கங்க. எனக்கு இந்த வேலை வேணாம். நீங்க அந்த இன்னொருத்தருக்கே போன் பண்ணுங்க. பதினாலு துணிய குட்டையா வெட்டி அனுப்பிட்டு, அதையே அழகுன்னு நினைச்சு எங்க வீட்டுலயும் மாட்டி வெச்சவ நான். எனக்குக் கீழ நாலு பேர் எப்படி வேலை செய்வாங்க? முதுகுக்குப் பின்னாடி சிரிக்க மாட்டாங்க?"

சின்ன முதலாளி பதறிப்போனாள். "ஐயோ, அப்பா உங்ககிட்ட ஏன் சொல்லலன்னா, சொன்னா நீங்க அழுது வேலைய விட்டுடுவீங்கன்னுதான். அப்புறம் புது மாடல்னு பேர் வாங்கினதுல சொல்லவே வெக்கம்..." என்று ஏதேதோ சொன்னாள். ஏணிக்காரர், "அதுக்கப்புறம் உங்க அளவு தப்பினதே இல்ல, உங்க கர்ட்டன் மாட்டப் போகும்போது நான் கத்தரிக்கோலே எடுத்துட்டுப் போறதில்லக்கா" என்றார். அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் கெடுக்க வேண்டியதே இல்லை, தானாகவே கெட்டுவிட்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு அவள் பின்னாலேயே படியிறங்குவதுதான். சாயங்காலம் வீடு, நாளைக்குக் காலையில் அதே கூடம், அதே அண்ணி. கதவுப் பக்கம் மூன்று அடி எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் காலையில் அந்தத் தெருவில் கை தட்டினவளுடைய முகத்தை இப்போது பார்க்க என்னால் முடியவில்லை. இப்படிச் சுருங்கிப்போன ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிப்போய் என்ன செய்வது?

"அண்ணி, நில்லுங்க" என்றேன். "அந்தப் பதினாலையும் எந்த மாசம் வெட்டினீங்க?"

"எந்த மாசமா இருந்தா என்ன?"

"சொல்லுங்க. அப்பா விழுந்த மாசமா இல்லையா?"

அண்ணி யோசித்தாள். "ஆமா."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அண்ணன் டூட்டிக்குப் போயிடுவான். அப்பாவ நிமித்தி உக்கார வைக்க ரெண்டு ஆள் வேணும். நான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் 'அண்ணி, அண்ணி'ன்னு கத்துவேன். நீங்க சாக்கட்டிய போட்டுட்டு ஓடி வருவீங்க. திரும்பப் போய் விட்ட இடத்தத் தேடுவீங்க. பத்தக் கூட்டப் போற நேரத்துல நான் கூப்பிட்டிருப்பேன். அது உங்க கை தின்ன பத்து அங்குலம் இல்ல அண்ணி. எங்க வீடு தின்னது."

வக்கீல் பாதியில் நிறுத்தக் கூடாது. "இன்னொண்ணு. அந்த மிச்சத் துணிய என்ன பண்ணீங்க?"

அண்ணி என்னையே பார்த்தாள். "முதலாளி தாராளமா அனுப்பியிருக்கார்னு நினைச்சேன். மாமாவுக்குத் தலகாணி உறை தைச்சேன்."

"பாத்தீங்களா? நூலகத்தோட துணி ஏழு வருஷம் எங்கப்பா தலைக்கு அடியில இருந்திருக்கு."

அண்ணியின் உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். "அதான் மாமா கடைசி காலத்துல அவ்வளவு அறிவாப் பேசினாரா?" என்றாள். சொல்லிவிட்டு அவளாகவே சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். ஏணிக்காரர் சிரித்தார், சின்ன முதலாளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "எங்க தெருவே பட்டை வெச்சிருக்கு! தெரு முழுக்க!" என்று அண்ணி சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்க மறுத்தது. எப்போது கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

சிரிப்பு ஓய்ந்த பிறகு என் குட்டையும் நானே உடைத்தேன். "அண்ணி, நீங்க இந்த வேலைய வேணாம்னு சொல்லணும்னு வேண்டிக்கிட்டேதான் கூட வந்தேன்."

"தெரியுமே" என்றாள் அண்ணி. "பஸ் நிலையத்துல அத்தனை பேர் இருக்கும்போது அந்தப் பேப்பர் கடைக்காரர் மூஞ்சியா தேடிப் பிடிச்சு வழி கேட்டியே. நான் ஜன்னலத்தான் பாக்கறேன்னு நினைச்சியா?" எனக்குச் செமத்தியாக மூக்கறுபட்டது. அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, சின்ன முதலாளி பக்கம் திரும்பினாள். "இப்ப அவசரமா என்ன வேலை இருக்கு?"

"ஒரு ஹோட்டல். முப்பத்தெட்டு ஜன்னல். மாஸ்டர் சொன்ன தேதிக்கு முன்னாடியே கிளம்பிட்டார், நாலு நாளா துணி அப்படியே கிடக்கு."

"ஒண்ணே ஒண்ணு வெட்டிப் பாக்கறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

மூன்று மணி இருக்கும். துணிச் சுருளை இரண்டு பேர் தூக்கிவந்து மேசையில் உருட்டினார்கள். அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டாள். அந்தப் பித்தளைப் பட்டையின் தொடக்கத்தில் துணியின் ஓரத்தை வைத்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் தடவிப் பார்த்துவிட்டு, கோடு போட்டாள். கத்தரிக்கோல் ஒரே ஓட்டமாகப் போனது. முட்டி போட்டு, எழுந்து, முதுகைப் பிடித்து, மறுபடி முட்டி போட்டு அவள் நீளத் துணி வெட்டுவதைத்தான் நான் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். நின்றபடி வெட்டி இன்றுதான் பார்க்கிறேன். மேசையோரமாக நடந்துகொண்டே வெட்டினாள். அந்த முனைக்குப் போய்த் திரும்பியபோது அவளுக்கு இருபத்துமூன்று வயதுதான் இருந்தது.

ஒன்று முடிந்தது. "இதையும் பாத்துடறேன்" என்று இரண்டாவது. அப்புறம் அதையும் சொல்லவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து மடிக்கவும் பிடிக்கவும் தொடங்கினார்கள். "நூல் போக்கைப் பாத்துப் பிடிப்பா", "அந்த லைனிங் வேணாம், இது தெற்கு ஜன்னல்" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். யாரும் சிரிக்கவில்லை, செய்தார்கள். சின்ன முதலாளி அந்த இன்னொருத்தருக்குப் போன் செய்யவேயில்லை. நாலு மணி வந்து போனதை யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பஸ் ஐந்தரைக்கு.

ஐந்து மணிக்கு மாடிப்படியில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"என்ன சொன்னா?" என்றான்.

"ஒண்ணும் சொல்லல. வெட்டிட்டிருக்காங்க. ஒன்பதாவது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பு. "அப்ப இன்னைக்கு வர மாட்டா. ஞாயித்துக்கிழமை நான் பெட்டி எடுத்துட்டுப் போறேன். என்னென்ன துணி வைக்கணும்னு நீ வந்து சொல்லு. பத்திரமா வா."

கூடத்துக்குத் திரும்பினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட வேண்டும். 'அண்ணி' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது அவள் சாக்கட்டியோடு குனிந்து அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை. என் பையை மட்டும் எடுத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துக் கதவுக்கு வந்தேன்.

"கதவச் சாத்திட்டுப் போ வக்கீலம்மா" என்றாள் அண்ணி, தலையைத் தூக்காமலே. "காத்துல துணி நகருது."

சாத்தினேன்.